கிறெயிடன் கறுப்பு

கிறெயிடன் பியர் ஆலையை மூடப்போகிறார்கள் என்பது வாகீசனுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் தெரிந்தது. லிஃப்டுக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன பேப்பரில் இருந்தது. நூற்றிருபத்துமூன்று வருசம் ஓடிய ஆலை. புதிதாக வாங்கிய கம்பனிக்கு அது வேண்டாமாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலை வாசலில் இருக்கும் கடையில் மிச்சத்தை விற்பார்கள். அதோடு சரி.

அடுத்த நாள் ஞாயிறு. அவன் மனைவி கௌசி செத்து ஒரு வருசம், ஆட்டத்திவசம்.

வாகீசன் குடிப்பதில்லை. ஆனால் சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் இருந்த கட்டிடத்தில், ஒன்பதாம் மாடியிலிருந்து பதினெட்டாம் மாடி வரைக்கும் உள்ள தமிழ்ச் சனம் முழுவதும் அவனைக் குடிகாரன் என்றே நம்பியது. குடித்தவள் கௌசி.

அது ஆங்கில வகுப்பால் வந்த பழக்கம். கனடாவுக்கு வந்த முதல் வருசம், வகுப்பு ரீச்சர் பதினைந்து பேரை கிறெயிடன் ஆலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்து முடிய ஆளுக்கொரு சின்னக் கிளாசில் கறுப்பு பியர் கொடுத்தார்கள். வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நான்கு பேர். மூன்று பேர் கிளாசை விரல் நுனியால் தள்ளி வைத்தார்கள். கௌசி தன்னுடையதைக் குடித்தாள். பிறகு அந்த மூன்றையும் குடித்தாள்.

"வீணாப் போகக்கூடாதெண்டு குடிச்சன்," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். ஒரு கிழமை பேசாமல் இருந்தாள். பிறகு, "இஞ்சேருங்கோ, வரேக்க அந்தக் கறுப்பில ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோவன்," என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் வாங்கி வந்தான். அவள் அதைச் சில்வர் ரம்ளரில் ஊற்றி, இரண்டு ஐஸ்கட்டி போட்டு, பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து குடிப்பாள். யாராவது கதவைத் தட்டினால் அது நெஸ்ரமோல்ட் என்ற சத்துமாப் பானம். நிறமும் ஏறக்குறைய அதுதான். வெறும் போத்தல்களைக் கீழே கொண்டுபோவது வாகீசன். சனம் கண்டது அதைத்தான்.

கதை மிசிசாகா வரை போனது. அங்கே கௌசியின் தமையன் குலசிங்கம் இருந்தார். விமான நிலையத்தில் வேலை. ஒரு பிறந்தநாள் விழாவில் வாகீசனைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஐசே, என்ர தங்கச்சியின்ர கண்ணில தண்ணி வந்ததெண்டு கேள்விப்பட்டனெண்டால், பிறகு நான் மனுசனாய் இருக்க மாட்டன்," என்றார்.

"ஓம் அண்ணை. குறைக்கிறன்," என்றான் வாகீசன்.

திரும்பி வரும்போது சப்வேயில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்துச் சிரித்து. "குறைக்கிறன் எண்டோ சொன்னனீங்கள்? என்னைக் கேக்காமல் எப்பிடிக் குறைப்பியள்?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்ன?" என்றாள். அவன் சொல்லவில்லை.

போன வருசம் மார்ச் மாதம், வேலையிடத்தில் போட்டோக்கொப்பி மெசினுக்கு முன்னால் நின்றவள் அப்படியே விழுந்தாள். தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது இருபத்தொன்பது. வாகீசனுக்கு முப்பத்திரண்டு.

எட்டாம் நாள் செலவு என்ற படையலில், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். படைத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். உள்ளே செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவார். ஆண்களுக்கென்றால் சாராயமும் வைப்பார்கள், சிகரெட்டும் பற்றவைத்து வைப்பார்கள். அதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. கௌசிக்குக் குலசிங்கத்தின் மனைவி யோகராணிதான் படைத்தாள். இடியப்பம், கணவாய்க் கறி, சொக்லட், ஒரு பெரிய போத்தல் ஃபன்ரா.

கௌசிக்கு ஃபன்ரா பிடிக்காது. இருமல் மருந்து என்பாள்.

வாகீசன் அன்று வாய் திறக்கவில்லை. யாரோ கதிரையில் இருக்கச் சொன்னார்கள், இருந்தான். அதற்குப் பிறகு இந்த ஒரு வருசமும் அப்படியேதான் போனது. வேலைக்குப் போனான், வந்தான். எதுவும் நோகவில்லை. ஃபன்ரா மட்டும் நொந்தது. அவள் வந்து பார்த்திருப்பாள். பார்த்துவிட்டுப் போயிருப்பாள். பேராதனையில் பொறியியல் படித்தவன் அவன். செத்தவர்கள் வருவதில்லை என்று தெரியும். ஒருவேளை வந்தால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

இந்த வருசத்தில் எந்த வெள்ளிக்கிழமையும் அவன் போய் ஒரு கறுப்பு வாங்கியிருக்கலாம். அந்தக் கடை இருக்கும் தெருப்பக்கமே அவன் போகவில்லை. இப்போது ஒரேயொரு சனிக்கிழமைதான் இருந்தது.

*

எட்டு மணிக்கு அவன் குயின் தெருவில் ஸ்ரீற்கார் ரயிலால் இறங்கியபோதே வரிசை ஆலை மதிலைச் சுற்றி டொன் நதிப் பக்கம் திரும்பியிருந்தது. பனி தூவிக்கொண்டிருந்தது. ஆலைக் கதவில் யாரோ பியர் மூடிகளைக் கோத்து ஒரு மலர்வளையம் செய்து தொங்கவிட்டிருந்தார்கள். சிலர் கையில் கறுத்த பட்டி கட்டியிருந்தார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் புகைபோக்கியைப் பார்த்தபடி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவருடைய மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வாகீசன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன் மனைவியின் செத்தவீட்டில் அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. இந்த மனிதனுக்கு ஒரு பியருக்கு வருகிறது. சிரிப்பு வரும் என்று பார்த்தான். பொறாமைதான் வந்தது.

அவனுக்கு முன்னால் நின்றவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தன் பெயர் கிளென் என்று சொல்லியிருந்தார். அவருக்கு முன்னால் நின்ற இளைஞன் கிறெயிடன் பெயர் பொறித்த தொப்பி போட்டிருந்தான். இருவருக்கும் வாக்குவாதம்.

"நான் திறக்கவே மாட்டேன். அலுமாரியில் வைப்பேன்," என்றான் இளைஞன். "இருபது வருசத்துக்குப் பிறகு இது சரித்திரம்."

"இருபது வருசத்துக்குப் பிறகு அது வினாகிரி," என்றார் கிளென். "உன்னைப்போல ஆட்கள் வாங்கி வாங்கி அலுமாரியில் வைத்ததால்தான் குடிக்க ஆளில்லாமல் ஆலை படுத்தது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளென் திரும்பி வாகீசனைப் பார்த்தார். "நீ எந்தக் கட்சி? அலுமாரியா, வாயா?"

"எனக்கு ஒன்று போதும்," என்றான் வாகீசன்.

"ஒன்றுக்கு யாரும் பனியில் நிற்பதில்லை."

பத்து மணிக்குக் கடை திறந்தது. ஆளுக்கு ஆறு போத்தல் மட்டும் என்றார்கள். வரிசை அரக்கி அரக்கிப் போனது. பதினொன்றரைக்கு இளைஞன் தன் ஆறை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். கிளென் உள்ளே போனார். அவர் வெளியே வந்தபோது, அவருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய ஒருவரும் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"அவ்வளவுதான், நண்பர்களே. முடிந்தது. நன்றி."

பிறகு யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். ஏப்ரன்காரர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வாகீசன் தட்டவில்லை. கையுறைக்குள் விரல்கள் விறைத்திருந்தன.

"அந்த ஒன்று யாருக்கு?" கிளென் இன்னும் அங்கேயே நின்றார்.

"என் மனைவிக்கு."

"அவளுக்குக் கறுப்புப் பிடிக்குமா?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னான். "அவள் இறந்துவிட்டாள். நாளைக்கு ஒரு வருசம். எங்கள் வழக்கத்தில் பிடித்ததைப் படைப்போம்."

அவளுக்குக் கறுப்புப் பிடிக்கும் என்பதை வேறொரு ஆளிடம் அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. கெட்டுப்போன பெண் என்று இந்த மனிதன் நினைக்கவில்லை. வாய் பிளக்கவில்லை. நல்ல உருசி தெரிந்த பெண் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். வாகீசன் பொக்கற்றுக்குள் கையை விடப்போக, முறைத்தார்.

"ஒன்று மட்டும் கேள். குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கப் பண்ணாதே. கறுப்பு லேசாகத்தான் குளிர்ந்திருக்க வேண்டும். கிளாசைச் சரித்து ஊற்று."

"சரி," என்றான் வாகீசன். கௌசி ஐஸ்கட்டி போட்டுக் குடிப்பாள் என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயர் வந்து திவசத்தை முடித்துவிட்டுப் போனார். மத்தியானம் யோகராணி கொண்டுவந்த சாப்பாட்டை எல்லாம் படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் வைத்தாள். குலசிங்கம் வேட்டியோடு நின்று கற்பூரம் கொளுத்தினார். ஃபன்ராவும் வந்திருந்தது.

"வாங்கோ, கதவைச் சாத்துவம்," என்றாள் யோகராணி.

"நீங்கள் போங்கோ அக்கா. நான் வாறன்."

அவர்கள் வெளியே போனதும் வாகீசன் குசினிக்குப் போனான். போத்தலைத் திறந்தான். பழக்கமில்லாத கை. நுரை பொங்கி விரலெல்லாம் வழிந்தது. சில்வர் ரம்ளரில் ஊற்றி, இரண்டு ஐஸ்கட்டி போட்டு, இலைக்கு வலப்பக்கம் வைத்தான். ஃபன்ராவை எடுத்துக் கதிரைக்குக் கீழே தள்ளினான். வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

பதினாறாம் மாடிக் கொறிடோரில் மூன்று பேரும் நின்றார்கள். ஊதா நிறக் கம்பளம், ரியூப்லைற். குலசிங்கம் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மணம் இது?"

வாகீசன் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"காட்டும் கையை. காட்டு!" குரலைத் தாழ்த்தினார். "இண்டைக்குமோடா? அவளின்ர திவசத்திலயுமோ குடிச்சிட்டு நிக்கிறாய்?"

"நான் குடிக்கேல்லை அண்ணை. வைச்சனான்."

"என்னத்தை?"

"பியர். கௌசிக்கு."

குலசிங்கத்தின் கை கதவுக் குமிழுக்குப் பாய்ந்தது. யோகராணி அதைவிட விரைவாக அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயோ, திறக்காதேங்கோ! சாப்பிடேக்க திறக்கப்படாது!"

கை குமிழிலேயே நின்றது. திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ மனுசி உடுப்புக் கூடையோடு வந்தாள். "சாவியை உள்ளே விட்டுவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை. காத்திருக்கிறோம்," என்றார் குலசிங்கம், குமிழைப் பிடித்தபடி.

அவள் போகும்வரை பொறுத்து வாகீசன் சொன்னான். ஆங்கில வகுப்பையும் அந்த நான்கு கிளாசையும் சொன்னான். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னான். அவள் சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னான். நீட்டிச் சொல்லவில்லை, அவனுக்கு நீட்டிச் சொல்ல வராது.

"பொய். பனடோல் விழுங்க அழுகிறவளடா அவள்."

"ரம்ளரில ஐஸ்கட்டி போட்டுக் குடிப்பாள். ஆரும் வந்தால் நெஸ்ரமோல்ட் எண்டு சொல்லுவாள்."

யோகராணி கையை வாயில் வைத்தாள். "அந்த நெஸ்ரமோல்ட்! நான் ஒரு வாய் தா எண்டு கேட்டனான். வேண்டாம் மச்சாள், சீனி போடேல்லை எண்டவள்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் அதை மூடினாள். தலைப்பு அப்படியே கண்ணுக்குப் போனது.

குலசிங்கம் மனைவியைப் பார்த்தார். பிறகு வாகீசனை.

"அப்ப நீர்?"

"நான் தொட்டதில்லை."

"அண்டைக்கு கார் பார்க்கில நான் பேசேக்க?"

"குறைக்கிறன் எண்டு சொன்னனான்."

குலசிங்கம் குமிழிலிருந்து கையை எடுத்தார். சுவரோடு சாய்ந்து மெல்ல வழுகி, வேட்டியோடு கம்பளத்தில் இருந்தார். ஒரு வருசமாக எல்லோரும் கௌசியைப் பற்றித் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை. இனி அவளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் வராது என்றுதான் அவரும் இருந்திருப்பார்.

"எத்தினை குடிப்பாள்?"

"ஒண்டு."

"தனியவோ?"

"நான் பக்கத்தில இருப்பன். கதைப்பாள்."

"என்ன கதைப்பாள்?"

"கூடுதலா உங்களைப் பற்றித்தான். நீங்கள் நடக்கிறமாதிரி நடந்து காட்டுவாள்."

"நான் எப்பிடி நடக்கிறனான்?"

வாகீசன் யோசித்தான். கொறிடோரில் நான்கு அடி நடந்து காட்டினான். வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து. அவனுக்கு அது சரியாக வரவில்லை. அவளுக்கு நன்றாக வரும். குலசிங்கம் அதைப் பார்த்தார். முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அந்தப் பியர் இப்பவும் வாங்கலாமோ?" கடைசியாகத் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இல்லை அண்ணை. ஆலையை நேற்றோட மூடியாச்சு. அது கடைசி."

யோகராணி கைமணிக்கூட்டைப் பார்த்தாள். "பத்து நிமிசம் கடந்திட்டுது. திறப்பமோ?"

"ஒரு போத்தல் குடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?" குலசிங்கம் வாகீசனைத்தான் கேட்டார்.

"ஒரு மணித்தியாலம். சில நேரம் கூடவும் செல்லும்."

"அப்ப இருக்கட்டும். ஆறுதலாக் குடிக்கட்டும்."

வாகீசன் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். கறி ஆறப்போகிறது என்றாள் யோகராணி. ஒருவரும் எழும்பவில்லை. சற்று நேரத்தில் அவளும் சேலையை ஒதுக்கிக்கொண்டு எதிர்ச்சுவரோடு இருந்தாள்.