சாய்தளத்துக் கம்பிகள்

தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'ஆனா சார்' என்று பெயர். யார் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் "சரிம்மா" என்பார், அல்லது "சரிப்பா" என்பார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நம்முடையது என்று சொல்லிக்கொள்ள வரைபடத்தில் காகிதம்தான் மிஞ்சும்.

இந்தக் கதையின் நாயகி அவரிடம் வடிவமைப்பாளராக வேலை பார்த்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த வெட்டவெளியை மக்கள் உட்காரும் சதுக்கமாக்கும் பொறுப்பு அவளிடம் வந்தபோது, சோறு தண்ணீர் மறந்து வரைந்தாள். தெருவும் சதுக்கமும் ஒரே மட்டம். படி என்ற பேச்சே இல்லை. நின்ற மரங்கள் நின்றபடியே. மழை பெய்தால் தரை குடித்துக்கொள்ளும்படி இடைவெளி விட்டுப் பதித்த கற்கள். சாய முதுகும், ஊன்றி எழக் கைப்பிடியும் வைத்த இருக்கைகள்.

"சரிம்மா, ரொம்ப நல்லாருக்கு. ஆனா... தெரு மட்டத்துலயே இருந்தா எடுப்பா தெரியாதே! கொஞ்சம் தூக்கிக் காட்டணும்" என்றார் ஆனா சார். படிகள் வந்தன. "ஆனா... மழை பேஞ்சா சேறாயிடும்" என்றார். பளபளவென்று கருங்கல் தரை வந்தது. கருங்கல்லுக்கும் வேருக்கும் ஆகாது என்று மரங்கள் போயின. ஒரே ஒரு மரத்தை மட்டும் அழாத குறையாகக் கெஞ்சிக் காப்பாற்றினாள். படி வந்துவிட்டதே, சக்கர நாற்காலிக்காரர்கள் எப்படி ஏறுவார்கள், சாய்தளமாவது வேண்டும் என்று கேட்டாள். "தாராளமா. ஆனா... முன்னாடி வேணாம்மா, பார்வைக்கு நல்லாருக்காது." சாய்தளம் பின்பக்கம், குப்பைத்தொட்டிகள் நிற்கும் சந்துக்குப் போயிற்று.

அடுத்ததையாவது காப்பாற்றலாம் என்று நினைத்து நினைத்தே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள். கடைசியில் ஆனா சாருக்கு மோட்டார் சைக்கிள் கவலை வந்தது. சாய்தளம் இருந்தால் ஏறி ஓட்டிவிடுவார்களாம். குறுக்கே கம்பி நட வேண்டுமாம். சண்டை போட்டால் சாய்தளமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவளே உட்கார்ந்து வரைந்தாள். இடது சுவரிலிருந்து ஒரு கம்பி, வலது சுவரிலிருந்து ஒரு கம்பி, நடுவில் வளைந்து வளைந்து போக ஒரு வழி. சக்கர நாற்காலியின் அகலத்தை விதிப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டாள்.

வீட்டில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. அதை அளந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நாற்காலி அவளுடைய அக்காவுடையது. அக்கா பஸ் ஓட்டியவள். இந்த நகரத்தில் அவள் வண்டியைத் திருப்பாத முக்கு கிடையாது. முதுகுத் தண்டில் ஒரு கட்டி வந்து, அதை எடுத்த பிறகு கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. வாய் மட்டும் எப்போதும்போல நாலாவது கியரில் ஓடியது. பணிமனைக் கூட்டாளிகள் நாற்காலி ஒன்று வாங்கி, சாதாரணச் சக்கரம் அவளுக்குக் கேவலம் என்று பட்டையான பெரிய சக்கரம் மாட்டி, முதுகில் 'எக்ஸ்பிரஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எக்ஸ்பிரஸ் கட்டிலுக்கும் சமையலறைக்கும் இடையே ஓடியது. குடியிருந்ததோ மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுதாகி, 'பழுது' என்று எழுதி ஒட்டிய அட்டையும் பழுதாகித் தொங்கியது.

தங்கை காலையில் அலுவலகம் போவாள். மதியம் ஓட்டமாக வந்து அக்காவைப் பார்த்துவிட்டு ஓட்டமாகத் திரும்புவாள். சாயங்காலம் யாராவது "ஒரு காபி குடிச்சுட்டுப் போலாமே" என்றால் கடிகாரத்தைப் பார்ப்பாள். வெளியூரில் நல்ல வேலை ஒன்று கூப்பிட்டது. அக்காவிடம் மூச்சுவிடாமலே, அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பூட்டி வைத்துக்கொண்டு, சாவி எங்கே என்று கேட்காமல் காலம் தள்ளினார்கள்.

"திறப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போடி" என்றாள் அக்கா.

"கூட்டமா இருக்கும்க்கா. இன்னொரு நாள் போலாம்."

"இன்னொரு நாள்னா, லிஃப்ட் சரியாகுற நாளா? அதுக்குள்ள நான் எலும்புக்கூடு ஆயிடுவேன்."

"வெயில் வேற..."

"இஞ்சின் சூட்டுல உட்கார்ந்து வண்டி ஓட்டினவடி நான். என்கிட்ட வெயிலைக் காட்டுறியா? என் தங்கச்சி கட்டின இடம். நான் பார்க்காம வேற எவ பார்ப்பா?"

தங்கைக்கு அந்தக் கடைசி வார்த்தை முள்ளாகக் குத்தியது. அங்கே அக்கா ஏறப்போவது எந்தச் சந்து வழி, எந்தக் குப்பைத்தொட்டி ஓரம் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா அதற்குள் தன் பழைய கண்டக்டருக்குப் போன் போட்டுவிட்டாள்.

திறப்பு விழாவன்று கண்டக்டரும் பணிமனை ஆட்களும் வந்து நாற்காலியோடு அக்காவை மாடியிலிருந்து இறக்கினார்கள். "ரைட் ரைட்" என்று கண்டக்டர் குரல் கொடுக்க, அக்கா சிரித்துக்கொண்டே இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. காற்றில் டீசல் வாசம் வந்தது. அதை ஆழமாக இழுத்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள். அவ்வளவுதான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சதுக்கத்தின் முன்பக்கம் படிகளில் சிவப்புக் கம்பளம், ஒலிபெருக்கி, ஜனக்கூட்டம். "நமக்கு வழி பின்னாடிக்கா" என்றாள் தங்கை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. குப்பைத்தொட்டிகளைத் தாண்டும்போது, "மணக்குது" என்றாள்.

சாய்தளத்தில் முதல் கம்பி தாண்டியாயிற்று. இரண்டாவது வளைவில் முன்சக்கரங்கள் திரும்பின. பின்சக்கரம் திரும்பவில்லை, ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் கம்பியிலும் கடித்துக்கொண்டது. தங்கை தள்ளினாள். கிரீச் என்றது.

"தள்ளாதே. ரிவர்ஸ் எடு" என்றாள் அக்கா. "லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. விட்டுட்டு இப்ப இழு."

இழுத்தாள். இப்போது முன்சக்கரமும் மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மூளை முழுவதையும் செலவழித்து, சும்மா சிக்கியிருந்த வண்டியை அக்கா வகையாகச் சிக்க வைத்துவிட்டாள்.

பின்னால் ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஏறி வந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஊன்றுகோல்காரர் ஒருவர். சரிவில் யாருக்கும் திரும்ப இடமில்லை. மேலே, ஒலிபெருக்கியில், "இது எல்லாருக்குமான இடம்" என்று ஆனா சார் பேசிக்கொண்டிருந்தார். கருங்கல் அடுப்புக் கல்லாகக் கொதித்தது. காப்பாற்றிய ஒற்றை மரத்தின் நிழல் எங்கேயோ மூலையில் கிடந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து சில பேர் எட்டிப் பார்த்து, போனில் படம் எடுத்தார்கள்.

"தூக்கிடலாமா?" என்றார் கண்டக்டர்.

"வண்டி வராது, கம்பி வளைஞ்சு பிடிச்சிருக்கு. அக்காவை மட்டும்தான் தூக்கணும்" என்றாள் தங்கை.

"என்னை மூட்டை மாதிரி இத்தனை பேர் முன்னாடி தூக்காதே" என்றாள் அக்கா. பிறகு தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள். "எனக்கு அவசரம்டி. காலையிலேர்ந்து அடக்கிட்டிருக்கேன்."

பஸ் ஓட்டிய காலத்திலும் இதே கதைதான். போய்ச் சேருகிற நிலையத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்று, தண்ணீர் குடிக்காமலே வண்டியை எடுப்பாள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் அடக்கிப் பார்த்திருக்கிறாள். தங்கை கம்பியைப் பார்த்தாள். அது அவள் போட்ட கோடு. விதிப் புத்தகத்தின் அகலம். இந்த நாற்காலியைத் தினமும் தள்ளுகிறவள், இதன் சக்கரத்தைத் துடைக்கிறவள், ஏன் இதை அளக்கவில்லை? அக்கா வெளியே வருவாள் என்று அவள் நம்பவே இல்லை. ஊரில் உள்ள முகம் தெரியாத நாற்காலிக்காரர்களுக்கெல்லாம் வழி வரைந்தவள், சொந்த அக்காவை மனசுக்குள் மூன்றாம் மாடியிலேயே விட்டுவைத்திருந்தாள்.

அலுவலகத்தில் குரல் உயர்த்தி ஒரு தடவைகூடப் பேசியதில்லை அவள். இப்போது தொண்டை கிழியக் கத்தினாள்.

"சார்! பேச்சை நிறுத்துங்க சார்! எங்க அக்கா இங்க மாட்டிக்கிட்டிருக்கா. அவளுக்கு பாத்ரூம் போகணும். இந்தக் கம்பியை வரைஞ்சது நான்தான், தப்பா வரைஞ்சுட்டேன். அறுக்கச் சொல்லுங்க சார்!"

மேலே பேச்சு பாதியில் நின்றது. பந்தல் கம்பங்களை இணைத்த வெல்டிங்காரர் தன் கருவியோடு ஓடி வந்தார். ஈரச் சாக்கை அக்காவின் மேல் போர்த்தி, கம்பியை அறுத்தார். பொறி பறந்தது. வழி பிறந்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. சாக்கை எடுக்க வந்தபோது, அக்கா அதை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும், வீட்டுக்குப் போ" என்றாள். மேலே ஏறவே இல்லை. தங்கை கட்டிய சதுக்கத்தை அக்கா அன்றைக்குப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி முடித்த பிறகு அக்கா வாயைத் திறந்தாள்.

"ஊர் பூரா கேக்குற மாதிரி சொல்லிட்டியேடி."

"வேற என்னக்கா பண்றது?"

"காதுல சொன்னேன்ல? காதோட வெச்சுக்கத் தெரியாதா?"

அதோடு சரி. அப்புறம் நாள்கணக்கில் பேச்சில்லை. வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம்தான். தங்கைக்கு அலுவலகத்திலும் மூச்சு முட்டியது, வீட்டிலும் மூச்சு முட்டியது. இரண்டுக்கும் நடுவே இருந்த தெருவில்தான் கொஞ்சம் காற்று.

ஆனா சார் அவளைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தை நீட்டினார். சாய்தளத்தின் வாயில் ஒரு கம்பிக் கதவு, அதற்கு ஒரு பூட்டு.

"சரிம்மா, நடந்தது நடந்து போச்சு. ஆனா... கம்பி இல்லேன்னா பைக் ஏறும், கம்பி இருந்தா நாற்காலி மாட்டும். பூட்டிட்டா ரெண்டு தொல்லையும் இல்லை பாரு. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும். யார் கேட்டாலும் திறப்பான். கையெழுத்துப் போடு."

"வாட்ச்மேன் முன்பக்கம் படிக்கு மேல இருப்பார் சார். படி ஏற முடியாதவங்க அவரை எப்படிப் போய்க் கேப்பாங்க?"

"உனக்கு எல்லாத்துலயும் கேள்வி."

"முன்பக்கம் ஓரமா கொஞ்சம் படியை எடுத்துட்டு, சரிவா விட்டா எல்லாருமே ஏறலாம் சார். வரைஞ்சு கொண்டு வந்திருக்கேன்."

அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ போடலேன்னா வேற ஆள் போடுவாங்க, அவ்வளவுதான்" என்றார்.

"போடட்டும் சார். நான் போட மாட்டேன்."

வேறு ஆள் போட்டார். பூட்டு தொங்கியது. அவளை நடைபாதைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த அலுவலகத்தில் அது தண்டனை. சாக்கடை மூடியும் நடைபாதை விளிம்பும் தவிர அங்கே வேறு உலகம் கிடையாது.

மாற்றல் செய்தியை அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அக்காவின் குரலில் சுவர் பேசியது.

"கீழ, தெருவோட இருக்கிற வீட்டு டெய்லர் காலி பண்றாராம். வீட்டுக்காரர்கிட்ட பேசி நாம அங்க போயிடலாம்."

"அது இருட்டு வீடுக்கா. நீதானே காத்து வராதுன்னு வேணாம்னே?"

"காத்து உள்ள வரலேன்னா நான் வெளிய போய் வாங்கிக்கிறேன்." அக்கா முகத்தை நிமிர்த்தினாள். "அந்த வெளியூர் வேலையை வேணாம்னு சொன்னியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தெரியும். உன்னைப் போன்னு சொல்லத் தைரியம் வரலைடி. பயந்துட்டேன்."

"நானும் பயந்துதான் வேணாம்னேன். உனக்காக மட்டும் இல்லை" என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

இருவரும் கீழே குடிவந்தார்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய வீடு. புதுப் பிரிவில் அவள் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த தெருக்களிலிருந்து வேலையைத் தொடங்கினாள். முக்குக்கு முக்கு நடைபாதையின் விளிம்பைத் தாழ்த்திச் சரிவாக்குவது; மரத்தடியில் பூசியிருந்த சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுவது. சின்ன வேலை என்பதால் யாரும் 'ஆனா' சொல்ல வரவில்லை. இந்தத் தடவை இடத்துக்கு இடம் அளந்து பார்த்தாள். எக்ஸ்பிரஸையும் அளந்தாள். அக்கா கையைத் தூக்கி, "ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து அவள் வழக்கம்போல ஓட்டமாக வந்தால் வீடு பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்து பார்த்தாள். கட்டில் காலி. குளியலறை காலி. நாற்காலி இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள், அவர்களுக்குத் தெரியவில்லை. தெருவில் இறங்கி முக்கு முக்காகப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

அக்கா பேருந்து நிலையத்தில் இருந்தாள். இளம் டிரைவர் ஒருவரை நிறுத்தி வைத்து, பஸ்ஸின் பக்கவாட்டில் விழுந்திருந்த கீறலைக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இப்படி ஓடி வர்றே, வீடு பத்திக்கிச்சா?"

"உன்னைக் காணோமேன்னுதான்க்கா... யார் கூட்டிட்டு வந்தா?"

"யார் கூட்டிட்டு வரணும்? நானே ஓட்டிட்டு வந்தேன். போ, போ. நான் வர நேரமாகும். இவனுக்கு வளைவுல வண்டியைத் திருப்பச் சொல்லித் தராம வர மாட்டேன்."

தங்கை அங்கேயே நின்றாள். வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. சமைக்கவும் அவசரமில்லை. எதிரே சதுக்கத்தின் படிகளில் ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சந்தில் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும். முன்பக்கச் சரிவை வரைந்து மடித்த அந்த வரைபடம் இன்னும் அவள் பையில்தான் இருந்தது. நாளைக்கு அதை ஆனா சாருக்கு மேலே உள்ளவரிடம் கொண்டுபோக வேண்டும். இன்றைக்கு என்ன செய்வது?

முன்னால் ஒரு பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் அந்த வண்டியின் கண்டக்டர்.

பெயர்ப்பலகையைப் பார்க்காமலே ஏறியிருந்தாள்.

"இது எங்க போகுது?"

அவர் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"கடைசில சொன்னீங்களே, அந்த ஊருக்கு ஒண்ணு குடுங்க" என்றாள்.