கிணற்றடியில் சுண்ணாம்பு

பிரம்மநாயகி ஆச்சிக்கு இஞ்சினீயர் முகுந்தனைக் கண்டாலே ஆகாது. தொண்ணூற்றேழில், டவுண் கீழரத வீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட வந்தவன், ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாசற்படியை இடித்துப்போட்டான். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கிணற்றில் கை வைத்தால் பொறுப்பாளா?

சந்து முழுக்க உப்புத் தண்ணீர். அவள் கிணறு மட்டும் தேன். குடத்தோடு வருகிற பெண்கள் அவள் முகம் பார்த்துத்தான் பேசுவார்கள். புருஷன் போனபின் தெருவில் அவளுக்கு மிஞ்சிய மரியாதையெல்லாம் அந்தக் கிணற்றால் வந்ததுதான்.

பள்ளத்தின் அடி வெறும் சேறு. குழாயை வைத்தால் புதைந்துவிடும். நீற்றாத, தண்ணீரே படாத சுண்ணாம்பைச் சேற்றில் கலந்து இடித்தால் ஈரத்தை உறிஞ்சி மண் இறுகிவிடும், ஐப்பசி மழைக்கு முன் பள்ளத்தை மூடிவிடலாம் என்றான் முகுந்தன். மூட்டைகளை அவள் மதிலை ஒட்டியே அடுக்கினான். சுண்ணாம்பு கிணற்றில் இறங்காதா என்று அவள் கேட்டாள். இதெல்லாம் படிக்காதவர்களுக்கு விளங்காது என்று மேஸ்திரியிடம் சொன்னான், அவள் காதில் விழும்படி. என்ன திமிர்!

மறுநாள் விடிந்தும் விடியாமல் ஆச்சி துவைகல்லில் ஏறி நின்று, மதிலுக்கு மேலாகக் குடம் குடமாக மூட்டைகள் மீது தண்ணீரைக் கவிழ்த்தாள். சுண்ணாம்பு புகைந்து, கொதித்து, சாக்கைக் கிழித்துக்கொண்டு பொங்கியது. இனி எதை வைத்துச் சேற்றை இறுக்குவான்? அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

குளிர்ந்தது கொஞ்ச நேரந்தான். மதிலடித் துவாரம் வழியாக வீட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போவதுதான் வழக்கம். இப்போது தோண்டிய மண்ணைக் கொட்டித் தெரு மேடாகிக் கிடந்தது. வெள்ளைத் தண்ணீர் அதே துவாரம் வழியாக உள்ளே வந்தது. துவாரத்தில் சாக்கை வைத்து அடைத்தாள், காலால் மிதித்தாள். நிற்கவில்லை. கிணற்றின் உடைந்த சுற்றுச்சுவர் வழியாக அது உள்ளே இறங்கியது.

முகுந்தன் வந்து பார்த்தான். பின்னால் குடங்களோடு பெண்கள். அவன் கோபப்படவில்லை, சிரித்தான்.

"தண்ணி எப்படி இருக்கு, ஆச்சி?"

அவள் வாளியை இறக்கி இழுத்தாள். பால் போல வந்தது. எல்லாரும் பார்க்க ஒரு செம்பு மொண்டு குடித்தாள். நாக்கும் தொண்டையும் எரிந்தன.

"எப்பவும் போலத்தான் இருக்கு. ஒனக்கும் ஒரு செம்பு தரட்டுமா?"

பெண்கள் ஒவ்வொருத்தியாக வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தார்கள். ஆச்சி இரண்டாவது செம்பையும் குடித்தாள்.