இராஜம்மாவின் மருந்துப் பங்கு

1931-இல் மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தேன். காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரே அளவில் கொயினா என்னும் கசப்பு மருந்தை ஊற்றுவதுதான் எனக்கு முன்னால் இருந்தவரின் வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. ரப்பர் கட்டுகளை நிறுக்கும் தராசில் நோயாளிகளை ஏற்றி, எடைக்குத் தக்கபடி மருந்து கலந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பக்கிரிசாமிக்கும் அவர் மனைவி இராஜம்மாவுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. அவர் ஆறடி ஆள். அவளோ எலும்பும் தோலும். எடை அவருடையதில் பாதிதான். வேளைக்கு எவ்வளவு என்று காகிதம் ஒட்டிக் குறித்து, ஆளுக்கொரு புட்டி கொடுத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை, பக்கிரிசாமி அவளைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். ஓயாத வாந்தி. காதில் ஒரே இரைச்சல். கத்திக் கூப்பிட்டாலும் கேட்கவில்லை. கொயினா மிஞ்சினால்தான் இப்படி ஆகும். நான் கொடுத்ததோ சின்ன அளவு. பெரிய அளவு வாங்கிப்போன அவருக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. எங்கே பிசகியது என்று புரியாமல் என் மேலேயே எரிச்சல் வந்தது. இவள் செவிடாகிவிடுவாளோ, உயிருக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்தும் போனேன்.

அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, மருந்தை நிறுத்தினேன். அவருக்குக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்தேன்.

"ஆமாங்கய்யா, நல்லா கூட்டியே குடுங்க" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

கொயினாவைக் கேட்டு வாங்கிக் குடிப்பவரை நான் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உன் மருந்தை யாரய்யா குடிக்கிறது என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

"பொம்பளைக்குச் சம்பளந்தான் கொறைச்சல். மருந்துமா கொறைக்கணும்? அதான் என் பங்கையும் அவளுக்கே ஊத்திட்டேன்."

நான் மட்டும் கூட்டி எழுதியிருந்தால் அந்த அளவும் அவள் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். நிறுத்தேன், கலந்தேன், குறித்தேன். ஏன் குறைத்தேன் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெரிய டிரெசர்தான் நான்!

சின்ன உடம்பு இவ்வளவுதான் தாங்கும் என்று பொறுமையாக விளக்கினேன். மனுஷர் இடிந்துபோய் அவள் கட்டிலருகே உட்கார்ந்தார். இரண்டு நாள் அங்கேயே கிடந்து, கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். தன் புட்டியைத் தொடவே பயந்தார்; நான் மிரட்டினால்தான் குடிப்பார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கிரிசாமி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ராஜம்மா" என்றார்.

அவள் திரும்பவில்லை. "மொதல்ல உங்க மருந்தக் குடிங்க" என்றாள்.

அழுதுகொண்டே குடித்தார். எனக்கும் கண் கலங்கியது, கலங்கட்டுமே.