அட்டையில் இருந்த பெயர்

…இன்சூரன்ஸ் படிவத்தில் இறந்தவரின் பெயர் என்கிற கட்டத்தில் பேனா நிற்கிறது, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார், செத்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற ஆபீஸ் இது ஒன்றாகத்தான் இருக்கும், சிரிப்பு வர வேண்டும், வரவில்லை, அழுகையும் வரவில்லை, முந்தாநாளிலிருந்து நெஞ்சு மரத்துப்போய்க் கிடக்கிறது… செத்தது இவருடைய தம்பி. தானியக் கிடங்கில் ரவுண்டு போகும்போது மூட்டை அடுக்கு சரிந்து மேலே விழுந்துவிட்டது. உடம்பில் இருந்தது அண்ணனின் யூனிஃபார்ம் சட்டை, கழுத்தில் தொங்கியது அண்ணனின் அட்டை, ஜாடையும் ஒன்றுதான், ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்து எழுதினார்கள், அதைப் பார்த்து போலீஸ் எழுதியது, அதைப் பார்த்து இப்போது நான் எழுத வேண்டும்.

அன்றைக்கு இவருக்குக் காய்ச்சல். காலையில் போன் செய்து இன்றைக்கு முடியாது மேடம் என்றார். தம்பியை அனுப்புங்கள், சட்டையையும் அட்டையையும் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னது நான், என் வாய்தான்… செக்யூரிட்டி கம்பெனியில் இது புதிதா என்ன, சட்டை மாத்து என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். வேலைக்கு முந்தைய போலீஸ் நன்னடத்தை விசாரணை முடியாத ஆளை நிறுத்தினால் லைசென்ஸ் போய்விடும், கேட்டில் ஆளே இல்லையென்றால் ஒப்பந்தம் போய்விடும், நடுவில் நான் என்ன செய்ய? தம்பியின் விசாரணைக் காகிதம் எட்டு மாதமாக எந்த மேசையில் தூங்குகிறதோ, அது வராமல் பட்டியலில் பெயர் ஏறாது, பட்டியலில் இல்லாதவனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. தம்பி பெயரை எழுதினால் அவன் பெண்டாட்டி இரண்டு குழந்தைகளோடு வெறுங்கையோடு நிற்பாள். அண்ணன் பெயரை எழுதினால் பணம் அண்ணன் மனைவிக்கு வரும், அப்படியே கொழுந்தன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிடுவாளாம், வீட்டில் பேசியாகிவிட்டது என்கிறார். முதலாளி போனில் ஒரே வரிதான் சொன்னார், அட்டையில் இருக்கிறதை எழுதும்மா. அவருக்கென்ன, சாட்சி என்கிற கட்டத்தில் கையெழுத்துப் போடப்போவது நான்தானே, வேலிக்கு ஓணான் சாட்சி… அன்றைக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருந்தால்? ஒரு நாள் கேட் காலியாக நின்றிருக்கும், முதலாளி கத்தியிருப்பார், கத்தட்டுமே, யார் கத்தி யார் செத்தார்கள்?

"என் பேரையே எழுதுங்க மேடம்."

"நல்லா யோசிச்சீங்களா அண்ணே? அப்புறம் மாத்தவே முடியாது."

"அவன் போட்டுக்கிட்டுப் போன பேருதானே. அவனோடவே போகட்டும்."

எழுதினேன். பெயர், வயது, அடையாள அட்டை எண், சம்பவ நேரத்தில் செய்த பணி… மற்ற நாட்களைவிடக் கையெழுத்து திருத்தமாகவே விழுந்தது. சாட்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன், ஈரம் காய ஊதினேன், அவரும் அந்தப் பக்கமிருந்து குனிந்து தன் பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்தார், எழுத்துப் பிழை இல்லை என்றார். எழுந்து கதவுவரை போனவர் நின்று திரும்பினார்.

"நாளையிலருந்து நான் எந்தப் பேருல டூட்டிக்கு வரட்டும் மேடம்?"

கோபமா, குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன், இரண்டும் இல்லை, ஷிஃப்ட் கேட்கிற முகம், எப்போதும் கேட்கிற அதே முகம்… எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும், ஐயோ அண்ணே என்றாவது வாயில் வந்திருக்க வேண்டும். என் விரல் அதற்குள் பணியாளர் பட்டியலைத் திறந்து, சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர்களில் இவர் வயதுக்குச் சரியாக வருகிற ஒரு பெயரைத் தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.