உமையாள் டீச்சரின் மணி

பிள்ளைகள் ஆங்கிலத்தில் தவறு செய்தால் உமையாள் டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. கைப்பையில் வைத்திருக்கும் சின்ன மணியை எடுத்து அடித்துவிடுவார். மதுரைப் பேச்சுப்போட்டிக்கான ஒத்திகையில், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்திருக்க, லாமியாவுக்கும் அடித்தார். கடல் சூடாவதைப் பற்றி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த பெண், "டேட்டா இஸ்" என்றதும் மணி.

"டேட்டா பன்மை. இஸ் வராது, ஆர்தான் வரும். இதுகூடத் தெரியாமயா மதுரைக்குப் போகப்போற?"

கூட்டம் சிரித்தது. லாமியா பேச்சை முடிக்காமலே இறங்கிவிட்டாள். முன்வரிசையில் அவள் அம்மா நூர் நிஷா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். சவூதியில் தம்மாமிலிருந்து அத்தா ஹமீது சுல்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து டீச்சர் அகராதியைப் புரட்டினார். லத்தீனில் டேட்டா பன்மைதான். ஆனால் ஆங்கிலக்காரர்களே அதை ஒருமையாக்கிப் புழங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அஜெண்டாவும் அப்படித்தானாம். ஆசிரியர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் "அஜெண்டா இஸ் ரெடி" என்று சொல்கிறவர் சாட்சாத் இதே உமையாள் டீச்சர். அவருக்கு யாரும் மணி அடித்ததில்லை.

லாமியா மதுரைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். குற்ற உணர்ச்சி தாங்காமல் டீச்சர், நவபாஷாணக் கோயிலுக்குப் போகும் பஸ் கூட்டத்தில் நசுங்கியபடி, லாமியாவின் ஊரான தேவிபட்டினத்துக்குப் போனார்.

"தப்பு எம்மேலதாம்மா. நீ சொன்னது சரிதான். ஒங்க அத்தாவும் கேட்டுக்கிட்டுருந்தாரு, அவருகிட்டயும் சொல்லணும்."

லாமியா போன் போட்டுக் கொடுத்தாள். டீச்சர் அவரிடமும் அதையே சொன்னார். ஹமீது சுல்தானுக்கு மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை.

"அப்படியா டீச்சர்? இங்கன எங்க சூப்பர்வைசரு 'டேட்டா இஸ்'னு சொன்னாரு. நான் திருத்திவிட்டேன். எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. எம்மகளுக்குப் பாடம் எடுக்குற டீச்சர் சொன்னதுன்னு நானும் கடைசிவரைக்கும் விடலையே."

மன்னிப்புக் கேட்டுவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று வந்தவர் டீச்சர். நூர் நிஷா கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போனது.

லாமியா போனை வாங்கினாள். "அத்தா, நான் மதுரைக்குப் போறேன். நான் பேசி முடிக்கிறவரைக்கும் லைன்லயே இருங்க."

பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"மணிய இங்கனயே வச்சுட்டுப் போங்க டீச்சர்."

டீச்சர் கைப்பையைத் திறந்தார்.