அடிவாரத்திலேயே நின்றுவிட்டவர்

காணும் பொங்கலுக்குச் செஞ்சி மலை ஏறுவது திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வழக்கம். எண்பத்து நாலிலும் பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் மனசே சரியில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. என் வீட்டுக்காரர் தேவநாதன் வீட்டில் தங்குவதும் குறைந்துபோயிருந்தது. பஸ் கண்டக்டர். வாரத்தில் நாலு ராத்திரி அனந்தபுரத்தில் ஹால்ட் என்பார். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவார்.

போன வருஷம் எங்களுக்கு முன்னால் ஓடி ஏறிய அதே மனுஷர், இந்தத் தடவை அடிவாரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் வர்ல.”

“ஏங்க, ஒடம்பு சரியில்லியா?”

“வர்லன்னா வுடேன். பேஜாரு பண்ணாத.”

உச்சியில் காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போனது. கீழே ஏரியும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளும், குவித்து வைத்ததுபோல் பாறைக் குன்றுகளும் தெரிந்தன. எதையும் ரசிக்கத் தோன்றவில்லை. ராஜாமணியக்கா என் இடுப்பில் கிள்ளினாள்.

“கள்ளி! எத்தினி மாசம்? எங்கிட்டயே மறச்சிக்கினு கீறியா?”

“இன்னாக்கா சொல்ற?”

“உன் ஊட்டுக்காரு நாலு மாசமா முடி வெட்டல. எதுத்த வூட்டுப் பெரியவர் செத்ததுக்குப் பாடை தூக்க வர்ல. இப்ப மலையும் ஏறல. பொண்டாட்டி முழுவாம இருந்தாதான ஆம்பளைக்கு இதெல்லாம் ஆவாது?”

நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

பிள்ளை வேண்டி நான் மேல்மலையனூருக்குக் கிளம்பினபோது, பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் கேலி பேசினவர் அவர். சாமி கிடையாது, சடங்கு கிடையாது. முடி வளர்ந்தபோதும் அதனால்தான் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்பேர்ப்பட்டவர் இப்போது இத்தனைக்கும் பயப்படுகிறார் என்றால் யாருக்காக?

அக்காவை விட்டுவிட்டு விழுந்தடித்து இறங்கினேன்.

“ஏங்க, பத்துப் படி என்கூட ஏறி எறங்குங்க. அது போதும்.”

எழுந்தார். முதல் படிவரை வந்தார். கால் தூக்கவில்லை.

“எத்தினி மாசம்?” என்றேன்.

ஓரடி பின்வாங்கினார். பிறகு, “ஏழு,” என்றார். “அவளுக்கு ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சிட்ச்சி, பாஞ்சாலி. உன் வயித்தெரிச்சல் இது மேல வாணாம்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மண்ணை வாரித் தூற்றத்தான் குனிந்தேன். கை நிறைய அள்ளியும்விட்டேன். அதற்குள் அந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று என் பாழும் மனசு முந்திக்கொண்டது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.