கவிழ்த்துப் போட்ட தகரம்

உள்ளங்கையில் வெளிச்சம் ஒரு பொட்டு விழுந்து கிடக்கிறது, கையை எடுத்தால் அது தறியில் ஏற்றியிருக்கும் வெள்ளைப் பாவு நூலின் மேல் விழுகிறது, அதே இடத்தில்தான் நேற்றுத் தூறலில் துருத்தண்ணி சொட்டி வெற்றிலை எச்சில் போல ஒரு கறை, பாவு கொடுக்கிறவர் காலையில் வந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னொருக்கா கறை பட்டா பாவக் கழட்டிட்டுப் போயிருவனுங்க, நீங்களும் பேசாம திருப்பூருல புள்ள ஊட்டுல போயி இருக்கலாமுல்ல என்றார், மகள் வீட்டில் நான் என்ன செய்வேன், டிவியைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், எனக்கு இந்தச் சத்தம் வேண்டும், தறி நின்றால் காது அடைத்துப்போகிறது, தகரத்தின் மேல் ஏறி நிற்கிறவருக்கு ஓட்டை தெரியாது, உள்ளே இருட்டில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும், அதனால் அப்போதெல்லாம் நான் கீழே, என் வீட்டுக்காரர் மேலே, மூங்கில் கழியின் நுனியில் சீமாத்து ஈர்க்குச்சியைக் கட்டி வெளிச்சம் வரும் ஓட்டைக்குள் குத்தி, தெரியுதுங்களா என்று கத்துவேன், தெரியுது புள்ள, ஆட்டாமப் புடி என்று தகரம் அதிரக் குரல் வரும், பிறகு குச்சி மெல்ல ஆடும், மேலிருந்து அவர் அதன் நுனியைக் கிள்ளி விளையாடுகிறார், ஏனுங்க, மழை வருது, வெளையாடுற நேரமா இது.

இத்தனை ஓட்டைகளுக்கும் காரணம் அவருடைய ஆசைதான், பழைய கிடங்கு ஒன்றைப் பிரித்தபோது வாங்கி வந்த நெளிநெளியான தகரம் அது, மழையைப் பார்த்த பக்கம் துருவேறி, பார்க்காத அடிப்பக்கம் புதுப் பாத்திரம் போல மின்னியது, மின்னுகிற பக்கம் தெருவுக்குத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டார், தகரத்தின் மேட்டில் அடித்த பழைய ஆணி ஓட்டைகளெல்லாம் கவிழ்த்ததும் பள்ளத்துக்கு வந்துவிட்டன, தண்ணீர் ஓடுகிற பள்ளத்துக்கே, முதல் மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த பக்கத்துப் பட்டறை சென்னிமலையண்ணன் வாசலிலேயே நின்று சிரித்தார், ஏம்ப்பா மாப்ள, பளபளன்னு போட்டிருக்கறயே, மழை என்ன பொண்ணு பாக்கவா வருது, அவரும் விடவில்லை, வந்தா வரட்டும் மச்சான், உள்ளாற வந்து காப்பி குடிச்சிட்டுப் போகட்டும் என்றார், நான் குண்டாக்களைப் பரப்பிக்கொண்டே சிரித்தேன், அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் முன்னால் நான் குச்சி குத்த, அவர் ஓட்டையடைக்கிற மாவைச் சப்பாத்திக்குப் போலப் பிசைந்து கட்டைவிரலால் அழுத்துவார், தறிப் பஞ்சு புகுந்து மூச்சு கட்டிப்போன நெஞ்சோடும் ஏறினார், கடைசியில் ஈரோட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் காங்கிரீட்டைப் பார்த்தபடி, ஒழுவாத கூரைக்குக் கீழ படுத்திருக்கறன் பாரு என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் எதுவுமாகாமல் நின்றது.

இப்போது நானே குத்துகிறேன், நானே ஏணியில் ஏறிப் பார்க்கிறேன், கையை விட்டதும் குச்சி கீழே விழுந்துவிட்டிருக்கிறது, மறுபடி குத்துகிறேன், மறுபடி ஏறுகிறேன், அம்மிணி, கெரகம் நோவுற காலோட எதுக்கு ஏர்ற, எம்பட முட்டி நல்லாயிருந்தா நான் வரமாட்டனா என்று சென்னிமலையண்ணன் அவர் வாசலிலிருந்து கத்துகிறார், அதற்குள் மேற்கே கறுத்து, பகலிலேயே பட்டறை இருண்டு, உள்ளே டியூப்லைட்டைப் போட்டுவிட்டு மூன்றாம் தரம் ஏறினேன், ஆணி வரிசையிலயே கால் வெய்யி, சட்டம் இருக்கறது அங்கதான் என்று யாரோ சொல்கிறார், என் வீட்டுக்காரர்தான், காதுக்குள், தவழ்ந்து நடுக்கூரைக்குப் போய்த் தலையைத் தூக்கினால், கறுத்த தகரத்தில் ஒரே ஒரு ஊசிமுனை வெளிச்சம், கீழிருந்து மேலே, தெரியுதுங்களா என்று கேட்பது போல, தெரியுது என்று வாய்விட்டே சொன்னேன், கீழே யாருமில்லை, தறி மட்டும் இருக்கிறது, அந்த வெளிச்சத்தைச் சுற்றி, நான் ஒருநாளும் பார்த்திராத மேல்பக்கத்தில், பள்ளம் பள்ளமாய் அவர் அப்பிய மாவு, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் ரேகை, அறுந்த நூலால் கீறிய தழும்புகூட அப்படியே, ஒழுகுகிற இடத்தில் மட்டும் மாவு வெயிலில் வெடித்துப் பாதி பெயர்ந்து நிற்கிறது, பழச நோண்டாமப் புதுசு ஒட்டாது புள்ள என்பார், ஈரம் பட்டாலும் ஒட்டாது, முதல் துளி என் முதுகில் விழுந்தது, பெயர்க்க மனமில்லாமல் அந்த மாவில் அவர் ரேகை மேல் விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டாவது துளி, கீழே பாவு, நகத்தைக் கொடுத்துப் பெயர்த்து மடியில் போட்டுக்கொண்டு, பிசைந்து வைத்திருந்ததை அப்பி என் கட்டைவிரலால் அழுத்தினேன், வெளிச்சம் அணைந்தது, இறங்கி வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன், தறியை ஓட்டிவிட்டேன், கூரையில் மழையும் கீழே தறியும் போட்டி போட்டுக்கொண்டு இடிக்க, பாவுக்கு மேல் அதே இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், வெளிச்சமும் விழவில்லை, தண்ணியும் விழவில்லை, உள்ளங்கையில், மடியிலிருந்து எடுத்த பழைய மாவுத் துண்டில், பொட்டு அளவுக்கு அவருடைய விரல் ரேகை மட்டும், காய்ந்தே கிடக்கிறது.